ஒரு கீறலும் இல்லாமல்

...வலது கன்னம் முடிந்தது, ஒரு பொட்டு ரத்தம் இல்லை, சத்தியமாக இல்லை, கண்ணாடியோடு மூக்கு முட்டப் பார்த்தாயிற்று. இனி இடது கன்னம், மேலுதடு, மோவாய், கழுத்து... கழுத்தை இப்போது நினைக்காதே, போன மாதம் குரல்வளை மேட்டில் விழுந்த வெட்டு இப்போதுதான் தோல் நிறத்துக்கு வந்திருக்கிறது. தோலை இழுத்துப் பிடி, சவரக்கத்தியைப் படுக்கவை, அது தன் எடையிலேயே இறங்கட்டும், அழுத்தாதே. நேற்றுச் சாப்பிடும்போது எனக்கு என்ன வாய்க்கொழுப்பு, மனைவியும் மகளும் பார்த்துக்கொண்டிருக்க, "நாளைக்கு ஒரே ஒரு கீறல் விழட்டும், கத்தி, கல்லு, பிரஷ் எல்லாத்தையும் மூட்டை கட்டிப் பரண்ல போட்டுடறேன், இனிமே பேச்சே எடுக்க மாட்டேன்" என்று சொல்லித் தொலைத்தேன். மகளுக்குப் பன்னிரண்டு வயது, தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "பரண்ல இடம் இருக்காப்பா?" என்றாள். அவள் அம்மா சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தாள், அந்த டம்ளரில் தண்ணீரே இல்லை என்பதை நான் பார்த்தேன்.

இடம் இருக்கிறதா என்ன... கம்பி அறுந்த கிடார், மீன் இல்லாத மீன்தொட்டி, நான்கே நான்கு தடவை ஓடிய ஷூ, சதுரங்கக் கடிகாரம்... இந்த நாற்பத்து நான்கு வயதுக்குள் நான் ஆசையாகத் தொடங்கியதெல்லாம் அங்கேதான் தூசி தின்கிறது. ஒன்றையாவது பிடித்து, 'இது எனக்கு வரும்' என்று சொல்லும் இடம்வரை போனேனா? இதுவும் மேலே ஏறினால் அப்புறம் நானே என்னை நம்பமாட்டேன், அவ்வளவுதான் விஷயம், கன்னத்து மயிருக்காகவா இந்தப் பாடு? இடது கன்னம், மேலிருந்து கீழே, சரக்... அந்தச் சத்தம், ஆகா, காய்ந்த தாளைக் கிழிப்பதுபோல் சுத்தமான சத்தம், இந்தக் கத்தியைப் பிடித்த எட்டு மாதத்தில் இப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. மூச்சை விடு, விட்டுவிட்டு அடுத்த இழுப்பு.

தொடங்கும்போது சிக்கனம் என்றுதான் சொன்னேன், வெட்கமில்லாமல், இந்த மடக்குச் சவரக்கத்தி ஒன்றை வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் பிளேடு வாங்க வேண்டாம் என்று. கத்தி வந்தது, தினமும் அதைத் தீட்ட ஒரு தோல் வார் வந்தது, பிரஷ் வந்தது, பிரஷ்ஷைத் தலைகீழாகத் தொங்கவிட ஒரு தாங்கி வந்தது, மரக்கிண்ணத்தில் சோப்பு, வெட்டுக்குப் படிகாரம், கூராக்க ஒரு கல், அதைவிட நைசாக ஒரு கல், அதையும்விட நைசாக மூன்றாவது கல்... அந்த மூன்றாவதை ஷூ பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்தேன், திருட்டுப்பயல் மாதிரி. போட்ட காசுக்கு என் பேரனுக்குத் தாடி முளைக்கும்வரை பிளேடு வாங்கி அடுக்கியிருக்கலாம். ரத்தக்கறை பட்ட தலையணை உறைகளும், பாழான இரண்டு வெள்ளைச் சட்டைகளும் தனி. போதாக்குறைக்குக் கடையில் கேலி, கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவன் நான், முன்னால் விற்பனையில் நிற்கிற பெண் என் மூக்கோர ஒட்டுப்பிளாஸ்டரைப் பார்த்துவிட்டு, "அண்ணே, வீட்டுல பூனை வளர்க்கறீங்களா, இல்ல அண்ணிகூடச் சண்டையா?" என்று தினம் ஒரு கேள்வி. இன்றைக்கு வா தங்கச்சி, வந்து பார்.

அந்த லென்ஸ்தான் என்னைக் கெடுத்தது, இருபது வருஷம் தேய்த்த கை, மங்கலாக இருக்கிறதா, இன்னும் நைசான பொடியில் தேய், கோடு தெரிகிறதா, அதைவிட நைசானதில் தேய்... எல்லாக் கோளாறுக்கும் என்னிடம் ஒரே வைத்தியம். கத்தி கன்னத்தைப் பிடித்து இழுத்தபோதும் கல்லை மாற்றினேன், மறுபடி கல்லை மாற்றினேன், தேய்த்துத் தேய்த்துக் கத்தியே மெலிந்துபோயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை அவள், தையல் கடையில் துணி வெட்டுகிற என் மனைவி, அன்று சாத்த மறந்த குளியலறைக்குத் துண்டு எடுக்க வந்தவள் வாசலிலேயே நின்று நான் வாரில் கத்தி தீட்டுவதைப் பார்த்தாள். "என்னங்க இது, கொடிக்கயிறு மாதிரித் தொங்க விட்டுருக்கீங்க? தொய்ஞ்ச துணியில கத்தரி ஓடுமா? இழுத்துப் புடிங்க." இழுத்துப் பிடிப்பது... இவ்வளவுதானா? வார் தொய்ந்தால் கத்தியின் விளிம்பு அதில் அமுங்கி உருண்டுவிடுகிறது, நானாகவே தினமும் காலையில் அறுபது தடவை பக்தியோடு அதை மழுக்கியிருக்கிறேன்! மூன்று கற்களும் என்னைப் பார்த்துச் சிரித்தன. எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது, எட்டு மாதம் முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா... ஆனால் எட்டு மாதமாகக் கதவைச் சாத்திக்கொண்டல்லவா தீட்டினேன்.

"அப்பா!" கதவு அதிர்கிறது, மகள்தான். "பஸ் வந்துடும்ப்பா! இப்ப எந்தக் கன்னத்துல இருக்கீங்க?" பேசாதே, பேசினால் தாடை அசையும். மேலுதடு ஆயிற்று, மோவாய்க் குழி ஆயிற்று, பழைய எதிரி, அங்கே மட்டும் பதினொரு தழும்பு. இனிக் கழுத்துதான். தலையை அண்ணாந்து, விழுங்காதே, எச்சிலை விழுங்காதே, மேட்டின் மேலே தோலை ஒதுக்கிப் பக்கவாட்டுக்குக் கொண்டுவா... ஆ, இப்படி, இப்போது இழு. சரக். இன்னொன்று. கடைசியாக இடது காதுக்குக் கீழே ஒரு விரல் அகலம், அதுவும்... முடிந்தது. குளிர்ந்த தண்ணீரை வாரி அடித்தேன், வெட்டு இருந்தால் எரியும், எரியவில்லை, படிகாரத்தைத் தேய்த்தேன், அப்போதும் எரியவில்லை! ஒரு கீறல் இல்லை, ஒரு சொட்டு இல்லை, நாற்பத்து நான்கு வருஷத்தில் நான் பிடித்து முடித்த முதல் காரியம் என் முகத்தில் பளபளவென்று நிற்கிறது. கண்ணாடிக்குள் இருந்தவனைப் பார்த்து, "டேய், சாதிச்சிட்டடா" என்றேன், வாய்விட்டே சொன்னேன், கண்கூடக் கலங்கிவிட்டது, கலங்கட்டும்.

கதவைத் திறந்ததும் மகள் என் முகத்தை ஒரு சுற்றுப் பார்த்து, "ஐயோ, நிஜமாவே ஒண்ணும் இல்ல!" என்று என் வயிற்றில் ஒரு குத்துவிட்டு உள்ளே பாய்ந்தாள். நடைவழியில் மனைவி, தோளில் ஒரு பை. அவளிடம் மூச்சுவிடாமல் சொன்னேன், கழுத்தில் எப்படிக் கோணத்தை மாற்றினேன், மோவாய்க் குழியில் எப்படி... அவள் விரல்களின் பின்பக்கத்தால் என் கன்னத்தை மேலும் கீழும் தடவினாள், துணியின் வழவழப்பைப் பார்க்கிற அதே தடவல். "நல்லா வந்திருக்குங்க," என்றாள், மனதார. குனிந்து காதுக்குக் கீழே பார்த்தபோது என் வெற்றுத் தோளில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது. தலை ஈரம்.

"தலைக்குக் குளிச்சியா?" கேட்டபிறகுதான் உறைத்தது, எங்கே குளித்தாள்? வீட்டில் இருப்பது ஒரே குளியலறை, ஆறு மணியிலிருந்து அதற்குள் இருந்தவன் நான்.

"நீச்சலுங்க. கத்துக்கறேன். ரெண்டு மாசம் ஆகப்போகுது. ஞாயிறு தவிர தினமும் நீங்க உள்ள போய்க் கதவைச் சாத்தினதும் கிளம்பிடுவேன், நீங்க வெளிய வர்றதுக்குள்ள வந்துடுவேன்." குற்றம் சொல்லும் குரல் இல்லை, நேரம் சொல்லும் குரல்தான். "ஆழமா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். "அந்தக் கோடியில ஆழம்தான். இன்னிக்குத்தான் முதல் தடவையா, நடுவுல எதையும் புடிக்காம, அது வரைக்கும் போய்த் தொட்டேன்." சொல்லிக்கொண்டே கூந்தலை முடிந்துகொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

இன்றைக்கா... நான் எந்தக் கன்னத்தில் இருந்தபோது? தொட்டதும் திரும்பிப் பார்த்திருப்பாளே, அங்கே யார் இருந்தார்கள், யாராவது கைதட்டினார்களா? ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன், சாத்திய கதவிடமா சொல்வாள்? அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. வழவழத்த கன்னத்தைத் தடவிக்கொண்டே, அந்த நீச்சல்குளம் எவ்வளவு நீளம் என்றாவது இப்போது கேட்கலாமா, கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாளா என்று யோசித்தபடி, சட்டைகூடப் போடாமல் நடைவழியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.