பிளஸ் நாற்பத்தேழு

நார்வேயின் கிறிஸ்தியான்சான் நகர நூலகத்தில் வியாழன்தோறும் கைப்பேசி வகுப்பு எடுப்பவர் தூர்கெய்ர். "முதல்ல பிளஸ், அப்புறம் நாற்பத்தேழு, அதுக்கப்புறம்தான் நம்பர். அப்பதான் எந்த நாட்டுல நின்னாலும் நார்வேக்கு அடிக்கும்" என்பது அவருடைய வேதவாக்கு. அந்தப் பெருமை தலைக்கேறித்தான், மச்சினிகள் நிறைந்த சாப்பாட்டு மேசையில் மனைவி குன்வோரின் கைப்பேசியைப் பிடுங்கி, "ஒரு நம்பருக்காவது பிளஸ் இருக்கா? வெளிய சொன்னா வெட்கக்கேடு" என்றுவிட்டார்.

குன்வோர் கத்தவில்லை. "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள மன்னிப்புக் கேளு. இல்லேன்னா ஈஸ்டருக்கு மலைவீட்டுக்கு நான் தங்கச்சிங்களோட போறேன். நீ உன் பிளஸ்ஸைக் கட்டிக்கிட்டு இங்கேயே கிட."

மறுநாள் காலை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கப்பலேறி டென்மார்க் போனார், மலிவாக இறைச்சி வாங்க. கடை வாசலில் பையோடு நின்றபோது வீராப்பெல்லாம் வடிந்துவிட்டது. மனைவியை அழைத்தார். எடுக்கவில்லை, குரல்செய்தி பதியச் சொல்லும் பீப் மட்டும் கேட்டது. மனசில் இருந்ததையெல்லாம் அதில் கொட்டினார்.

சற்று நேரத்தில் ஓர் ஆண்குரல் அழைத்தது. "நான் பிரேபென். இங்க பன்னிப்பண்ணை வெச்சிருக்கேன். உங்க மன்னிப்பு எனக்கு வந்திருக்கு சார்."

"உங்களுக்கா?"

"எம் பொண்டாட்டியும் கேட்டா. அதுல நாலு 'ஆனா' இருக்காம். அவளா இருந்தா மன்னிக்கவே மாட்டாளாம்."

தூர்கெய்ருக்கு அப்போதுதான் உறைத்தது. நார்வேயைப் போலவே டென்மார்க்கிலும் போன் நம்பருக்கு எட்டு இலக்கம்தான். பிளஸ் இல்லாவிட்டால் அழைப்பு உள்ளூர்க்காரனுக்குத்தான் போகும். கைப்பேசியைத் துழாவினார். பல் டாக்டருக்கு பிளஸ் இருந்தது. பேச்சுவார்த்தையே இல்லாத பக்கத்து வீட்டுக்காரனுக்கும் இருந்தது. குன்வோருக்கு மட்டும் இல்லை. அவர் முதன்முதலில் பதிந்த எண் அது. போன் மாற மாற அப்படியே கூட வந்தது. அதை ஒருநாளும் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. பெரிய கைப்பேசி வாத்தியார்! அவருக்கே தன்னை நினைத்துச் சிரிப்பும் அவமானமுமாக வந்தது.

இதை மறைத்துவிட்டு மன்னிப்பு மட்டும் கேட்டால் என்ன என்று சபலம் தட்டியது. இருந்தும் பிளஸ்ஸைச் சேர்த்தார், அழைத்தார், எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

குன்வோர் முழுக்கக் கேட்டாள். பிறகு, "அந்தப் பன்னிக்காரர் நம்பரைச் சொல்லு. அவர் பொண்டாட்டிக்கு நன்றி சொல்லணும். பிளஸ்ஸோட சொல்லு" என்றாள்.

"அப்ப மலைவீடு?"

"வா. தங்கச்சிங்களும் வர்றாங்க. இந்தக் கதையை அவங்க முன்னாடி நீயேதான் சொல்லணும்."

"ஆனா..." என்று ஆரம்பித்த தூர்கெய்ர், வாயை மூடிக்கொண்டார்.