ஒற்றைப் புள்ளடி

கட்சி ஒரு வட்டாரத்திலும் வெல்லவில்லை. ஆனாலும் எல்லா வட்டாரங்களிலும் சிந்திக் கிடந்த வாக்குகளைக் கூட்டிப் பார்த்தபோது, விகிதாசாரக் கணக்கில் பிரதேச சபைக்கு ஓர் ஆசனம் வந்து விழுந்திருந்தது. அதைத்தான் ஊரில் போனஸ் ஆசனம் என்கிறார்கள். ஒன்றே ஒன்று. அதற்கு இரண்டு அணி, மூன்று ஆள்.

அந்த மூன்றாவது ஆள் புஸ்பராணி. முன்பள்ளி ஆசிரியை. மூதூர்ப் பக்கம் தமிழரும் முஸ்லிம்களும் கலந்திருக்கிற அவளுடைய வட்டாரத்தில் கட்சி கரையேறாது என்பது எல்லாருக்கும் தெரியும். பட்டியலில் சட்டம் கேட்கிற அளவு பெண்கள் இல்லாவிட்டால் கட்சியின் வேட்புமனுவையே தூக்கி எறிந்துவிடுவார்கள் என்ற பயத்தில், அவளுடைய அக்காவின் புருஷன் குணரத்தினம்தான், "பேருக்கு நில்லு பிள்ள, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்று அவளை நிறுத்தி வைத்தார். அவர் குடியிருந்ததும் அவருக்கு வாக்கு இருந்ததும் அவளுடைய வட்டாரத்தில். போட்டியிட்டது பக்கத்து வட்டாரத்தில்.

புஸ்பராணி பேருக்கு நிற்கவில்லை. மாரி வந்தால் அவளுடைய ஒழுங்கையில் முழங்கால் வெள்ளம். முன்பள்ளிப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கடத்த வேண்டும். பின்வீட்டில் இருந்த சித்தி பரீதா என்ற முஸ்லிம் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வீட்டுவாசல் படலை படலையாக ஏறி இறங்கி, "நான் சபைக்குப் போனா முதல் வேலை வடிகான்தான்" என்று சொன்னாள். சொன்னதை அவளே நம்பினாள்.

முந்தின தேர்தல் முறையில் வாக்குச்சீட்டில் கட்சிக்கு நேரே புள்ளடி என்கிற பெருக்கல் குறி ஒன்றைப் போட்டுவிட்டு, பிடித்த வேட்பாளரின் இலக்கத்துக்கு விருப்பு வாக்குப் போடலாம். ஒரே கட்சிக்காரர் ஒருவருடைய இலக்கத்தை ஒருவர் வெட்டிக்கொண்டு திரிவார்கள். ஆள் விழுவான், கட்சி விழாது. அந்தக் கழுத்தறுப்பை நிறுத்தத்தான் முறையை மாற்றினார்கள். இப்போது ஆளுக்கும் கட்சிக்கும் சேர்த்து ஒரே ஒரு புள்ளடி. முறை மாறினால் போதுமா, நம்மட ஆட்கள் மாறவேண்டாமா? குணரத்தினத்தின் அணி, கட்சிக்குள்ளேயே எதிரணியான இராகுலன் போட்டியிட்ட வட்டாரத்துக்குள் போய், "இந்த முறை அவனை வெட்டுங்கோ" என்று குசுகுசுத்தது. இராகுலனின் ஆட்கள் குணரத்தினம் போட்டியிட்ட வட்டாரத்தில் அதையே செய்தார்கள். இராகுலனின் வீடும் வாக்கும் அங்கேதான் இருந்தன. அவன் யாரை வெட்டியிருப்பான் என்று கேட்கவே தேவையில்லை. பழைய பழக்கத்தில் ஆளை வெட்டுகிறோம் என்று நினைத்தார்கள். வெட்டுப்பட்டது கட்சி. கைக்குள் இருந்த இரண்டு வட்டாரங்களையும் கோட்டைவிட்டு நின்றார்கள்.

புஸ்பராணியை வெட்ட எந்த அணியும் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அவளும் தோற்றாள்தான். ஆனால் கட்சியில் தோற்றவர்களுக்குள் கூடின வாக்கு அவளுக்கு.

போனஸ் ஆசனம் வந்தால் தோற்றவர்களில் கூட வாக்கு எடுத்தவருக்கே கொடுப்பது என்று தேர்தலுக்கு முன்பே கூட்டத்தில் முடிவெடுத்திருந்தார்கள். முன்மொழிந்தவர் குணரத்தினம், வழிமொழிந்தவன் இராகுலன். தனக்குத்தான் வரும் என்று ஆளுக்கு ஆள் அவ்வளவு நம்பிக்கை.

முடிவு வந்த அடுத்த நாளே அக்கா வந்து குசினிக் கதவில் சாய்ந்துகொண்டு அழுதாள்.

"முப்பது வருசமா கட்சி கட்சியெண்டு அலைஞ்ச மனுசன் ராணி. சாப்பாடும் இறங்குதில்லை. உனக்கு இன்னும் வயசிருக்கு. அத்தானுக்கு விட்டுக்குடன்."

அம்மா செத்த பிறகு புஸ்பராணிக்குத் தலை சீவி இழுத்துவிட்டு வளர்த்தவள் அக்கா. முன்னின்று கலியாணம் செய்து வைத்தவர் அத்தான். ஏலாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை.

பின்னேரம் வேலியடியில் சித்தி பரீதாவிடம் இதைச் சொன்னாள். 

"நாங்க உங்கட கட்சிக்குப் போடல்ல டீச்சர்" என்றாள் பரீதா. "உங்களுக்குத்தான் போட்டம். நீங்க வேற ஆளுக்குக் குடுத்தா நாங்க ஆருட்டப் போய்க் கேக்கிற?"

அன்று முழுக்க அந்தக் கேள்வி புஸ்பராணியை அரித்துக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயில் மண்டபத்தில் கூட்டம். திருகோணமலை ரவுணிலிருந்து மாவட்டச் செயலாளர் இராசையா வந்திருந்தார். ஆசனத்துக்கு எந்தப் பேரைத் தேர்தல் அலுவலகத்துக்கு அனுப்புவதென்பது அவருடைய கையில். தேர்தலுக்கு முன் எடுத்த தீர்மானத்தை அவர் வாசித்து முடிக்கவில்லை, இரண்டு அணியும் கதிரையை விட்டு எழும்பிவிட்டது. இராகுலனுக்குக் கொடுக்கக் குணரத்தினம் விடமாட்டார். அவருக்குக் கொடுக்க இவன் விடமாட்டான். கத்திக் களைத்த பிறகு ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமைப்பட்டார்கள். முதல் வருசம் புஸ்பராணி இருக்கட்டும். பிறகு அவள் இராஜினாமாச் செய்ய, மற்ற இரண்டு பேரும் சுழற்சி முறையில் வருவார்கள். ஆனால் அவள் சொன்ன சொல் மாறமாட்டேன் என்று அம்மனுக்கு முன்னால் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும்.

ஒரு வருசத்தில் எந்தச் சபையில் வடிகான் கட்டி முடித்தார்கள்? அவளுக்குக் கோபம்தான் வந்தது.

வெற்றிலையில் கற்பூரத்தைக் கொளுத்தி அவளுக்கு முன்னால் வைத்தார்கள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தால் சத்தியம். பொய்ச் சத்தியத்துக்கு அந்த ஊரில் பயப்படாதவர் இல்லை. புஸ்பராணி கையை நீட்டவில்லை.

"நான் விட்டுக்குடுக்கிறன், இண்டைக்கே" என்றாள். "ஆனா ஒண்டுதான். இந்தத் தேர்தல்ல நம்மட சின்னத்துக்குத்தான் புள்ளடி போட்டனான் எண்டு இதில அடிக்கிற ஆளுக்கு இந்த ஆசனம். ஒரு வருசமில்லை, முழுக்க."

அவள் யோசித்துத்தான் சொன்னாள். அத்தானை வெட்டின இராகுலன் அடிக்கமாட்டான். அத்தான் அடிப்பார். அவருக்கு வாக்கு இருந்தது அவளுடைய வட்டாரத்தில். அங்கே வெட்டுவதற்கு அவளைத் தவிர வேறு ஆளில்லை, அவளை அவர் வெட்டமாட்டார். ஆசனம் அவருக்குப் போகும், அக்காவின் கண்ணீர் நிற்கும். நமக்குப் போட்ட மனுசனுக்குத்தான் கொடுத்தேன் என்று சித்தி பரீதாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம்.

இராகுலன் குனிந்து போனைப் பார்த்தான்.

"குணம், பிறகென்ன, அடியும்" என்றார் இராசையா. "இந்தப் பிள்ளையை நிப்பாட்டினதே நீர்தானே."

குணரத்தினம் கையைத் தூக்கினார். தூக்கின கையால் முகத்தைத் துடைத்துவிட்டு, வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கற்பூரம் எரிந்து அடங்கியது.

"அத்தான்?" என்றாள் புஸ்பராணி.

"வாக்கில நீ எனக்கு மேல போயிடுவாயெண்டு நான் நினைக்கேல்லைப் பிள்ள" என்றார் அவர் மெல்ல. "எண்டாலும் ஒரு பயம். ஒரு புள்ளடிதானே எண்டுட்டு வேற சின்னத்துக்குப் போட்டன்."

அவள் அவருக்குக் கிட்ட வந்தாள்.

"ஒரு புள்ளடியோ, ரெண்டோ?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "அக்காவை ஏசாத. நான் சொல்லித்தான் அவளும் போட்டவள்."

 புஸ்பராணி செயலாளரின் பக்கம் திரும்பினாள்.

"என்ர பேரை எழுதுங்கோ ஐயா. சத்தியமும் இல்லை, இராஜினாமாவும் இல்லை."

இராசையா எழுதினார். மறுத்துக் கதைக்க இரண்டு அணியிலும் ஆளில்லை. அவள் வெளியே வந்து செருப்பைத் தேடும்போது கண் தெரியவில்லை, அவ்வளவு அழுகை. தோற்ற அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை.