மகாராணியைக் கம்பெனி கூப்பிடுகிறது

நர்ஸம்மாவைக் கண்டு நடுங்காதவர் அந்த ஆஸ்பத்திரியில் ஒருவர்கூட இருந்ததில்லை. பெரிய டாக்டரே அவளுடைய வார்டுக்குள் நுழையுமுன் தலையை வாரிக்கொண்டு, மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டுத்தான் கதவைத் தள்ளுவார். ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே மயங்கி விழும் மல்யுத்த வீரன் ஒருவன், அவள் வருவதைப் பார்த்ததும் தானாகவே சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றானாம். அப்பேர்ப்பட்டவள் ஓய்வு பெற்ற பிறகு ஒரு பழைய காரின் முன்னால் வாயடைத்து நின்றாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் நின்றாள். டிரைவிங் டெஸ்டில் இரண்டு தடவை தோற்றுவிட்டு நின்றாள்.

காரை வாங்கியவர் அவளுடைய கணவர். தெருவில் அவருக்குப் பெயர் கேப்டன். படகுத்துறையில் டிக்கெட் கிழித்தவர், வாழ்நாளில் ஒரு துடுப்பைக்கூடத் தொட்டதில்லை. ஆனாலும் கேப்டன். அவர் இரண்டாம் கையாக வாங்கிய அந்தக் கார், குடும்பக் கார்களுக்கெல்லாம் குடும்பக் கார். பின்சீட்டில் ஒரு பள்ளிக்கூடத்தை ஏற்றி, டிக்கியில் தலைமையாசிரியரையும் படுக்க வைக்கலாம். கேப்டன் அதற்கு மகாராணி என்று பெயர் வைத்தார். நர்ஸம்மாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

சென்ற மாதம் கண் டாக்டர் ஒரே போடாகப் போட்டுவிட்டார்: கேப்டன் இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. அன்றிலிருந்து மகாராணி வாசலில் கிடந்து தூசி தின்றாள். மகனுக்குத் தனியாக ஒரு வண்டி இருந்தது. அவன் கணக்காகப் பேசினான்.

"ஓட்ட ஆள் இல்லாத வண்டிய வாசல்ல வச்சு என்னம்மா பண்றது? மரச்சாமான் கடைக்காரர் கேக்கறாரு. சோபா ஏத்தறதுக்கு சரியா இருக்குமாம்."

"சோபாவா? மகாராணிலயா?" கேப்டனுக்கு மூச்சே நின்றுவிட்டது.

"நான் ஓட்டறேன்டா," என்றாள் நர்ஸம்மா.

"நீதான் ரெண்டு தடவ கோட்ட விட்டுட்டியேம்மா. சரி, நாளைக்கு மூணாவது டெஸ்ட் இருக்குல்ல? பாஸ் பண்ணிட்டா வண்டி உனக்கு. இல்லேன்னா மத்தியானமே கடைக்காரருக்கு. இதுக்கு மேல நான் பேசல."

நர்ஸம்மாவுக்கும் ஒரு கணக்கு இருந்தது. வேலைக்குப் போன காலமெல்லாம் டியூட்டி சொன்ன நேரத்துக்குக் கிளம்பி, பஸ் சொன்ன நேரத்துக்குத் திரும்பியவள். தான் நினைத்த இடத்துக்குத் தான் நினைத்த நேரத்தில் ஒரே ஒரு தடவையாவது போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்குள் ஒரு வெறி ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கேப்டன் உடனே வழி சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

மரச்சாமான் கடைக்காரர் உஷாரான ஆள். வாங்குமுன் வண்டியின் சேஸிஸ் நம்பரைக் கேட்டிருந்தார். மகன் அந்த நம்பரைக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட்டுப் பார்த்தான். உடனே முகம் மாறியது.

"அப்பா, இந்த வண்டிய கம்பெனி திரும்பக் கூப்பிட்டிருக்கு."

கேப்டன் நாற்காலியிலிருந்து ராக்கெட் மாதிரி எழுந்தார். "கேட்டியா? கம்பெனியே கூப்பிடுது. எத்தனையோ லட்சம் வண்டி ஓடுது, நம்ம மகாராணிய பேர் சொல்லிக் கூப்பிடறாங்க."

"பாராட்டறதுக்கு இல்லப்பா. செஞ்சதுல தப்பு இருக்கு, கொண்டாங்க, காசில்லாம மாத்தித் தரோம்னு கூப்பிடறாங்க. ஒண்ணுக்கு ரெண்டு தப்பு. பழைய ஓனருக்குத் தகவல் போயிருக்கும், அவரு நமக்குச் சொல்லல."

"ரெண்டு தடவ கூப்பிட்டிருக்காங்களா," என்றார் கேப்டன் இன்னும் பெருமையாக.

அன்று காலையே மகன் மகாராணியைச் சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிப் போனான். கேப்டன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சலவை வேட்டி உடுத்து, பட்டம் வாங்கப் போகிறவர் போல முன்சீட்டில் உட்கார்ந்தார். நர்ஸம்மா பின்னால். வழியெல்லாம் மகன் முணுமுணுத்தான், "என்னம்மா இது, இப்படி இழுக்குது." அவன் இந்த வண்டியை ஓட்டுவது அதுதான் முதல் தடவை. நர்ஸம்மாவுக்கு உள்ளூர ஒரு திருப்தி. பிள்ளைக்கும் சரியாக ஓட்ட வரவில்லை.

சர்வீஸ் சென்டர் ஆபரேஷன் தியேட்டர் மாதிரி பளபளத்தது. தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். மத்தியானம் ஃபோர்மேன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மெலிந்த மனிதர், பேய் பார்த்த முகம்.

"இந்த வண்டிய யாருங்க ஓட்டிட்டிருந்தது?"

"நான்தான் பழகிட்டிருந்தேன்," என்றாள் நர்ஸம்மா.

"பிரேக் எப்படிம்மா பிடிச்சீங்க?"

"எல்லாரும் பிடிக்கற மாதிரிதான். மூணு தடவ மிதிச்சு."

ஃபோர்மேன் அவளையே பார்த்தார். "எல்லாரும் ஒரு தடவதாம்மா மிதிப்பாங்க."

நர்ஸம்மா மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். கேப்டனுக்கு அந்த நேரம் பார்த்து மேலே சுற்றும் மின்விசிறி மிகவும் பிடித்துப்போனது.

"நேரா போறதுக்கு?" ஃபோர்மேன் விடவில்லை.

"ஸ்டியரிங்க இடப்பக்கமா ஒரு கைப்பிடி திருப்பி வச்சுக்கணும். அப்பதான நேரா போகும்."

"இடப்பக்கம் திரும்பறப்ப ஹாரன் தானா அடிச்சுதா?"

"அது அடிக்கணும்ல? முக்குல வரவங்களுக்குத் தெரியறதுக்கு."

ஃபோர்மேன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். பிரேக் மிதியின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்புகிற சிலிண்டர் உள்ளே கசிந்திருக்கிறது. அதனால்தான் மூன்று மிதி. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் முப்பது மிதித்தாலும் நின்றிருக்காது. ஸ்டியரிங்குக்குள் ஒரு சுருள் நாடா உண்டு, அது தேய்ந்துவிட்டது. ஹாரன் தானாக அலறியது அதனால்தான். அதே நாடாதான் ஏர்பேகுக்கும் உயிர். மோதியிருந்தால் பலூன் விரிந்திருக்காது. இவை இரண்டும் கம்பெனியின் தப்பு, மாற்றியாகிவிட்டது. வண்டி வலப்பக்கம் இழுத்தது பழைய வண்டிகளுக்கு வருகிற சாதாரண நோய். சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்ததும் போய்விட்டது.

கேப்டனின் சலவை வேட்டிகூடக் கசங்கிப்போன மாதிரி இருந்தது.

"என்னங்க," என்றாள் நர்ஸம்மா. வார்டில் காய்ச்சல் மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளித்துவைத்த நோயாளியிடம் பேசும் அதே குரல். "ஒரு வருஷமா எல்லா வண்டியும் இப்படித்தான்னு சொன்னீங்களே."

"எனக்கு இந்த ஒரு வண்டிதானே தெரியும்," என்றார் கேப்டன் மெதுவாக. "மத்த வண்டிய நான் எங்க ஓட்டினேன்?"

அதற்கு மேல் அவரைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை. அதற்கு நேரமும் இல்லை. விடிந்தால் டெஸ்ட்.

சாயங்காலம் கிடங்குகளுக்குப் பின்னால் உள்ள காலி மைதானத்துக்கு வந்தார்கள். மகன் பக்கத்து சீட்டில், கேப்டன் பின்சீட்டில். குணமான மகாராணியை நர்ஸம்மா முதல்முறையாகக் கிளப்பினாள். பழக்கதோஷத்தில் ஸ்டியரிங்கை இடப்பக்கம் பிடித்தாள். வண்டி அம்பு மாதிரி இடப்பக்க வேலியை நோக்கிப் பாய்ந்தது. பதறி, முதல் மிதியை ஓங்கி மிதித்தாள். மகாராணி சுவரில் ஆணியடித்த மாதிரி நின்றாள். மகன் முன்னால் ஊன்றிய கையிலேயே மூக்கை இடித்துக்கொண்டான். பெல்ட் போடாத கேப்டன் பின்சீட்டிலிருந்து புறப்பட்டு வந்து இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டு கிடந்தார்.

"வந்துட்டமா?" என்றார்.

"பெல்ட்ட போடுப்பா முதல்ல," என்றான் மகன் மூக்கைத் தடவிக்கொண்டு.

மறுபடி கிளப்பினாள். மறுபடி வேலி. மறுபடி ஆணி. இடப்பக்கம் திரும்பியபோது சத்தமே வரவில்லை. தெருவில் முந்தானை இல்லாமல் நிற்பது போல அவளுக்குக் கூச்சமாக இருந்தது, தானே ஹாரனை அமுக்கினாள். மைதானத்தில் மேய்ந்த ஆடுகள் நான்கு திசைக்கும் சிதறின. அதில் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு நோயாளி வண்டிதான்டா ஓட்டத் தெரியும். இது டிஸ்சார்ஜ் ஆனது. கடைக்காரருக்கே குடுத்துடு."

மகன் சரி என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். அந்த முகத்தில் அவன் தோல்வியைப் பார்த்ததேயில்லை.

நர்ஸம்மா ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்தபடி யோசித்தாள். கால் ஒடிந்து கட்டுப் போட்டவர்களைத் தன் வாழ்நாளில் ஒரு படையளவுக்குப் பார்த்திருக்கிறாள். கட்டைப் பிரித்து, எலும்பு கூடிவிட்டது என்று படம் பிடித்துக் காட்டினாலும் நொண்டுவார்கள். அவர்களிடம் அவள் என்ன சொல்வாள்? நொண்டறது கால் இல்லய்யா, மனசு. செருப்பக் கழட்டு. தரையத் தொட்டுப் பாரு. ஒரு அடி வை.

அவள் செருப்பைக் கழற்றினாள். வெறும் காலால் பிரேக்கைத் தொட்டாள். குழந்தையின் வயிற்றை அமுக்கிப் பார்க்கும் அளவுக்குத்தான் அமுக்கினாள். அது இதமாக எதிர்த்து அமுக்கியது. ஸ்டியரிங்கை இரண்டு விரலால் பிடித்தாள். கிளப்பினாள். மகாராணி நேராகப் போனாள். யாரும் எதையும் இழுக்காமல், மிதிக்காமல், திட்டாமல், தண்ணீரில் விட்ட இலை மாதிரி நேராகப் போனாள்.

"இவ்வளவுதானாடா கார் ஓட்டறது?"

"இவ்வளவுதாம்மா."

"இதுக்கா ஒரு வருஷமா எனக்குத் தோள்பட்டை வலி?"

பின்சீட்டில் கேப்டன் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் போல மௌனமாக இருந்தார். பத்து ரவுண்டுக்கு அப்புறம் அந்த மௌனமும் கலைந்தது. "வேகம் பத்தல," என்றார்.

மறுநாள் காலை மகன் அவர்கள் இருவரையும் டெஸ்ட் மைதானத்தில் வண்டியோடு விட்டுவிட்டு, கடைக்காரரை எதிர்கொள்ள வீட்டுக்குப் போய்விட்டான். டெஸ்ட் எடுக்க வந்தவர் முன்பு இரண்டு தடவையும் அவளைத் தோற்கடித்த அதே அதிகாரி. முதல் தடவை, வண்டிக்கடியில் சிக்கிய ஒரு பிளாஸ்டிக் கூம்புக்கு அவள் ஊரைச் சுற்றிக் காட்டியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர். இரண்டாம் தடவை ஒவ்வொரு இடப்பக்கத் திருப்பத்திலும் ஹாரன் அலறியதில், தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்து இறங்கிப் போனவர். இன்று மகாராணியைப் பார்த்ததும் அவர் தன் பேனாவை மூடி, பையில் வைத்து, பையை மார்போடு கட்டிக்கொண்டு ஏறினார். இரு கையாலும் மேல்பிடியைப் பிடித்தார்.

"கிளம்பலாம்மா," என்றார், உயில் எழுதிவிட்டு வந்தவர் குரலில்.

நர்ஸம்மா வெறுங்காலுடன் கிளம்பினாள். முதல் திருப்பத்தில் கை பழைய ஞாபகத்தில் இடப்பக்கம் போகப் பார்த்தது. கையை மனசுக்குள் அதட்டினாள், கை அடங்கியது. கடைத்தெரு, சிக்னல், மேடு. மேட்டில் நிறுத்திக் கிளப்பும்போது வண்டி ஒரு விரற்கடை கூடப் பின்னால் உருளவில்லை. கிடங்கு வாசலிலிருந்து ஒரு லாரி, பின்னால் யார் இருக்கிறார்கள் என்ற கவலையே இல்லாமல் பின்பக்கமாகவே சாலைக்கு வந்தது. ஒரே மிதி. மகாராணி நின்றாள். லாரி போனது. அதிகாரியின் பை மார்பிலிருந்து மடிக்கு இறங்கியிருந்தது. கை மேல்பிடியிலிருந்து எப்போது இறங்கியது என்று அவருக்கே தெரியாது.

மைதானத்துக்குத் திரும்பியதும், "நிறுத்துங்க," என்றார்.

நர்ஸம்மா ஒரே மிதியில் நிறுத்தினாள். எங்கே தப்பு?

"ஏம்மா, இது அதே வண்டிதானா?"

"அதேதான் சார். கம்பெனி கூப்பிட்டு சரி பண்ணிக் குடுத்துது."

"வண்டியையா, உங்களையா?"

"வண்டிய அவங்க சரி பண்ணாங்க. என்னைய நானே பண்ணிக்கிட்டேன்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். அந்த மைதானத்தின் சரித்திரத்திலேயே அவர் சிரித்தது அன்று ஒருநாள்தான் என்று வாட்ச்மேன் பிற்பாடு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். "பாஸ். அடுத்த தடவ செருப்பு போட்டுட்டு ஓட்டுங்க."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த கேப்டனுக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆனால் மனைவியின் நடையைக் காலடிச் சத்தத்திலேயே படிப்பார். எழுந்து நின்று, படகே ஏறாத அந்த மனிதர் மாலுமி போல நெற்றியில் கை வைத்து ஒரு சல்யூட் அடித்தார்.

"போதும், ஏறுங்க," என்றாள் நர்ஸம்மா.

வீட்டு வாசலில் மகனும் மரச்சாமான் கடைக்காரரும் நின்றிருந்தார்கள். கடைக்காரர் வண்டியின் நீளத்தைக் காற்றிலேயே முழம் போட்டு அளந்துகொண்டிருந்தார். மகாராணி தெருமுனையில் திரும்பினாள், சத்தமில்லாமல். வாசலுக்கு நேராக வந்து பூப்போல நின்றாள். ஓட்டுநர் சீட்டில் அம்மாவைப் பார்த்ததும் மகன் கணக்கையெல்லாம் மறந்து சின்னப் பையன் மாதிரி பல்லைக் காட்டினான்.

நர்ஸம்மா எஞ்சினை அணைக்கவில்லை. கண்ணாடியை இறக்கினாள்.

"இவருதான் சோபாக்காரராடா?"

"ஆமாம்மா. நான் இன்னும் அவருக்குச் சொல்லல."

"நானே சொல்லிக்கறேன். ஏறுங்கய்யா, உங்கள கடைல எறக்கி விட்டுட்டுப் போறேன்."

கடைக்காரர் குழம்பிப்போய்ப் பின்சீட்டில் ஏறினார். "விலைய பத்தி தம்பிகிட்ட பேசலாம்னு…"

"அதெல்லாம் அப்புறம். பெல்ட்ட போடுங்க."

"எங்க போறோம்?" என்றார் கேப்டன் முன்சீட்டிலிருந்து, வழி சொல்லும் ஆசையோடு.

"தெரியாது," என்றாள் நர்ஸம்மா. "இவர எறக்கி விட்டுட்டு யோசிக்கலாம்."