பெண்கள் பக்கம் போன மலை

1

இந்தக் கதை ஒரு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. டோக்கியோவில் எங்கள் தெருக் குளியல்கூடத்தில் ஆண்கள் தொட்டிக்கும் பெண்கள் தொட்டிக்கும் நடுவே நிற்கும் தடுப்பு கூரையைத் தொடாது. தொட்டிகளுக்கு மேலே, இரண்டு பக்கமும் நீளும் பின்சுவரில் வருடந்தோறும் புதிதாக ஒரே பெரிய ஓவியம் வரைவார்கள். நான் ஆண்கள் பக்கம் வெந்நீரில் கிடந்தேன். காதில் விழுந்ததுதான் கைவசம். கொஞ்சம் பக்கத்தில் குளித்த ஒகுமாவிடம் கேட்டுக்கொண்டேன், மிச்சத்தை இட்டுக்கட்டினேன்.

2

முதல் தொடக்கம்: ‘அறுபத்திரண்டு வயதில் கணவனை இழந்த தொகிகோ, தனிமையைப் போக்கத் தூரிகையை—’

அடித்துவிட்டேன். கணவர் ஒகுமா என் பக்கத்திலேயே முதுகு தேய்த்துக்கொண்டிருந்தார்.* தனிமையும் பொய். தொகிகோ முப்பத்துநான்கு வருடம் டோக்கியோவில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இனிப் படம் வரைந்துதான் பிழைப்பேன் என்றார். மூன்று வருடம் ஓர் ஓவியரிடம் கூலிக்கு நின்று, குளியல்கூடச் சுவர்களில் வானம் மட்டும் அடித்தார். இது அவர் பேரில் கிடைத்த முதல் சுவர்.

(* சோப்பு என் மேல் தெறித்தது. கதைக்குத் தேவையில்லை.)

3

விடுமுறையான திங்கட்கிழமை காலை, முதலாளி ஹிராசே சாவியைக் கொடுத்தார்.

“சூரியன் மறையுற மாதிரி போட்டுடாதீங்க, வியாபாரம் படுத்துடும். ஃபுஜி மலை எப்பவும்போல ஆம்பளைங்க பக்கம்.”

மதியத்துக்குள் இரண்டு பக்கமும் வானம் முடிந்தது. சாரப் பலகையில் நின்றால் தடுப்பைத் தாண்டி முழுச் சுவரும் தெரியும். ஆண்கள் பக்கம் பழைய மலையின் அடிவாரம். பெண்கள் பக்கம், வேலை முடிந்து இடுப்பு வலியோடு வந்து தொகிகோ முங்கிய தொட்டிக்கு மேலே, கடலும் ஒரு படகும். அத்தனை வருடமும் அதே படகு.

[இங்கே அவரை அழவைத்திருந்தேன். அழுகிற ஆள் இல்லை. ஒரு சோற்றுருண்டை தின்றுவிட்டு, மலையுச்சிப் பனிக்கு வைத்திருந்த வெள்ளைப் பெயிண்ட் டப்பாவைப் பெண்கள் பக்கம் தூக்கிப் போனார்.]

நீதி, போராட்டம் என்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். ஒகுமாவிடம் அவர் பிற்பாடு சொன்ன காரணம் அதைவிடச் சின்னது: “மலையைக் கிட்ட வெச்சுப் பாக்கணும்னு தோணுச்சு. அவ்வளவுதான்.”

சாயங்காலம் ஹிராசே ஆண்கள் பக்கம் வந்து பார்த்தார்.

“மலை எங்கம்மா?”

“அந்தப் பக்கம்.”

“நான் என்ன சொன்னேன்?”

“சூரியன் மறையக் கூடாதுன்னீங்க. மறையல.”

“நாளைக்குக் கூட்டம் முகம் சுளிச்சா, அடுத்த திங்கள் வேற ஆள் வந்து இதுமேலயே அடிச்சுடுவார். அப்புறம் உங்களுக்கு எவன் சுவர் குடுப்பான்?”

4

செவ்வாய் மூன்று மணி, கூடம் திறந்தது. எங்கள் பக்கம் வெறும் கடல்.

“ஏ தொகிகோ! மலை எங்கடி?” என்று கத்தினார் ஒகுமா.

“இங்க இருக்கு. குளிச்சிட்டுப் போய்யா.”

“வீட்டுல ஒரு வார்த்தை சொல்லலையே!”

வேறொரு பெண் குரல்: “இத்தனை வருஷம் உங்க பக்கம்தானே இருந்துச்சு. ஒரு நாளாவது நிமிந்து பாத்தீங்களா?”

சிரிப்பு அடங்க நேரமானது. பிறகு அதே குரல்: “அப்ப இதை வரைஞ்சது நீயா, தொகிகோ?”

“நான்தான்.”

ஒரு வாளி தரையில் தட்டியது. இன்னொன்று. பிறகு கைதட்டல்போல அத்தனை வாளிகளும். ஒகுமா ஏதோ முணுமுணுத்துக்கொண்டே தன் வாளியையும் எடுத்துத் தட்டினார், யாரையும் பார்க்காமல்.

முதல் முடிவு: வேறு ஓவியர் வருகிறார். இரண்டாவது: பத்திரிகையில் படம் வருகி— இரண்டும் வேண்டாம். நடந்தது இதுதான்: ஐந்தரை மணிவரை பெண்கள் யாரும் வெளியே வரவில்லை. கணவர்கள் செருப்பு அலமாரியருகே தலை காய்ந்து நின்றார்கள். ஹிராசே கல்லாவிலிருந்து கத்தினார்: “தொகிகோம்மா, அடுத்த வருஷமும் நீங்கதான்!”

“அப்ப மலை எங்க பக்கம்!” என்றோம் நாங்கள்.

“வானம் அடிச்சப்புறம் சொல்றேன்” என்றார் தொகிகோ.

5

மலை எப்படி இருக்கிறது என்று நான் எழுதவில்லை. நான்கு வாக்கியம் எழுதினேன், நான்கும் திருட்டு. நான் நுழைய முடியாத வாசல் அது. வாசகி, நீங்கள் நுழையலாம். போய்ப் பார்த்துவிட்டு முடிவை எழுதிக்கொள்ளுங்கள். வாசகரே, வாருங்கள், கொஞ்சம் நகர்ந்துகொள்கிறேன். இங்கே கடல் இருக்கிறது.