தண்டவாளத்தில் படுத்திருப்பவர்

அன்று மாலை அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரர் பிலோமின்ராஜ், துணைத் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி அற்புதம். மகள் சில்வியா. செபம் சொல்ல வந்த உபதேசியார் மரியசூசை. பக்கத்து வீட்டுக் கல்யாணசுந்தரி. ஆறாவதாக ஒருவரும் இல்லை. இருந்திருக்க வேண்டிய மகன் ஆன்டோ இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அறையை அடைத்துக்கொண்டு அவன் கட்டிய ரயில் மேடை கிடந்தது. பிளைவுட் பலகை மேல் பேரளம் ரயில் பாதையை அப்படியே இறக்கியிருந்தான்: வாய்க்கால், வயல், லெவல் கிராசிங். பன்னிரண்டு வருஷ வேலை. டிசம்பர் பிறந்தால் ஒரு மூலையில் மாட்டுக்கொட்டகையை வைத்து அதையே கிறிஸ்துமஸ் குடிலாக்கிவிடுவான். பங்குக் கோயிலைச் சேர்ந்த வீடுகளில் எத்தனையோ குடில்கள் உண்டு. இந்த வீட்டுக்கு ஜனம் வந்தது சிரிப்பதற்கு. ஸ்டேஷன் மாஸ்டரின் பச்சைக்கொடியை ஆடு தின்னும். கதவில் மாட்டிய வேட்டி ரயிலோடு போக, வேட்டிக்காரர் பிளாட்பாரத்தில் நிற்பார். மூன்று ராஜாக்களும் சாத்திய கேட்டுக்கு முன்னால் ஒட்டகத்தோடு காத்திருப்பார்கள். அதில் ஒருவர் குனிந்து அடியில் நுழையப் பார்ப்பார்.

கடைசியாக அவன் வைத்தது, தண்டவாளத்தின் குறுக்கே தலையணை போட்டுப் படுத்திருக்கும் ஒரு மனிதர். விரற்கடை தூரத்தில் எஞ்சின் நிற்கிறது. டிரைவர் எட்டிப் பார்த்துக் கையை ஆட்டுகிறார். படுத்திருப்பவர் கண்ணைத் திறப்பதாக இல்லை.

அதை வைத்த நான்காம் மாதம் ஆன்டோ நிஜமான ரயிலில் அடிபட்டுச் செத்தான்.

ஊருக்கு அது போதும். முன்கூட்டியே பொம்மை செய்து வைத்துவிட்டுப் போய்விட்டான் என்றார்கள். அப்பனும் மகனும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்கள். இரண்டாவது மட்டும் உண்மை.

மூடிக் கிடந்த பாதையில் மறுபடி வண்டி விடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோதெல்லாம் பிலோமின்ராஜ் சாப்பாட்டு மேசையில் அடித்துச் சொல்வார்: "எத்தனை சர்வே பாத்தவன் நானு! இதுல ரயிலு வந்தா தண்டவாளத்துல தலைய வச்சுப் படுத்துக்கறேன்."

ரயில் வந்தது. சோதனை ஓட்டம் நடந்த அன்று ஆன்டோ சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்: "அப்பா, தலகாணி எடுத்து வைக்கட்டுமா?"

அற்புதம் சிரித்துவிட்டாள். பிலோமின்ராஜ் பாதிச் சோற்றில் எழுந்தார். அந்த வாரமே பொம்மை வந்தது. வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. யாரென்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அலுவலகத்தில் அவர் முன்னால் ஒருவரும் உட்கார்ந்ததில்லை. வீட்டில் மகன் அவரைப் படுக்க வைத்துவிட்டான். அன்றோடு பேச்சை நிறுத்தினார். மறுபடி தொடங்க அவன் இல்லாமல் போனான்.

போலீஸ் கொடுத்த பையில் அளவு நாடாவும் ஒரு நோட்டும் இருந்தன. மேடையில் சேர்ப்பதற்காகப் பாதை ஓரத்து மதகை அளந்து எழுதியிருந்தான். 'நீளம்' என்பதற்கு எதிரே எண் இருந்தது. 'அகலம்' என்பதற்கு எதிரே ஒன்றுமில்லை. பிலோமின்ராஜ் அந்தப் பக்கத்தை நாள் தவறாமல் பார்த்தார். வெளியே காட்டவில்லை. காட்டினால், அப்படியென்றால் அந்தப் பொம்மை யார் என்ற கேள்வி வரும்.

முந்தின நாள் பொம்மையைப் பேர்த்தெடுக்கப் பிளேடோடு அறைக்குள் போனவரைச் சில்வியா மறித்தாள். "பேத்து எடுத்தீங்கன்னா, ஊரு சொல்றது நெசந்தான்னு நாமளே கையெழுத்துப் போட்ட மாதிரி."

துக்க வீட்டில் குடில் வேண்டாம் என்று அவர் சொன்னதையும் அற்புதம் கேட்கவில்லை. "எம்புள்ள கட்டினது, குழந்தை ஏசு இல்லாம வெறும்னு கெடக்கக் கூடாதுங்க" என்றுவிட்டாள்.

செபம் முடிந்தது. கல்யாணசுந்தரியின் பார்வை தண்டவாளத்தில் போய் நின்றது.

"பாவம்க்கா. மனசுல இருந்தத இப்புடிச் சொல்லிட்டுப் போயிருக்கு. நாமதான் கூறுகெட்டத்தனமா சிரிச்சுக்கிட்டு நின்னோம்."

"மந்திரிச்சு அடக்கம் பண்ணுனதே சாமியாரு பெருந்தன்மைதான்" என்றார் மரியசூசை, குரலைத் தாழ்த்தி. "தானா உயிர விட்டவனுக்குக் கல்லறைத் தோட்டத்துல எப்புடி எடம் குடுத்தீங்கன்னு சில பேரு கேக்கத்தான் செய்யறாங்க சார். ஆண்டவரு இரக்கமுள்ளவரு."

"எம்புள்ள சாவுறதுக்குப் போவல." அற்புதம் கணவர் பக்கம் திரும்பினாள். "என்னாங்க, வாயத் தொறங்க. கல்லறையிலேருந்து அவனத் தோண்டச் சொல்ற வரைக்கும் சும்மா நிப்பீங்களா?"

பிலோமின்ராஜ் மேடையருகே வந்தார்.

"அது ஆன்டோ இல்ல. நான்."

மரியசூசைக்குப் புரியவில்லை. பிலோமின்ராஜ் தாம் அடித்துச் சொன்னதையும், வண்டி வந்ததையும், தலகாணிக் கேள்வியையும் வாக்குமூலம் போல வரிசையாகச் சொன்னார். "சந்தேகம்னா பேனாவப் பாருங்க."

உபதேசியார் குனிந்து பொம்மையைப் பார்த்தார். நிமிர்ந்து பிலோமின்ராஜின் சட்டைப்பையைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். அடக்க முடியாமல் சிரிப்பு வெடித்துவிட்டது. கல்யாணசுந்தரி முந்தானையால் வாயைப் பொத்தினாள், தோள் குலுங்கியது. எழுபத்திரண்டு வயதில் முதல் தடவையாக, சொந்த வீட்டில், முகத்துக்கு நேரே பிலோமின்ராஜைப் பார்த்து வெளியாட்கள் சிரித்தார்கள். அது அடங்கும் வரை அவர் நிமிர்ந்தே நின்றார்.

பிறகு நோட்டை எடுத்து விரித்தார். "நீளம் எழுதிட்டான். அகலம் எழுதறதுக்குள்ள வண்டி வந்துடுச்சு. காத்து எதுத்தாப்புல, சத்தம் கேட்டுருக்காது. இந்தப் பொம்மைக்காக அவங்கிட்ட நாலு மாசம் நான் பேசல. அதையும் சேத்துச் சொல்லுங்க வெளியில."

யாரும் சிரிக்கவில்லை.

அந்த வாரமே கோயில் வாசலில் பேச்சு மாறியது. மகன் மானத்தைக் காப்பாற்றப் பெரியவர் கதை கட்டிவிட்டார், அவ்வளவு கௌரவமான மனிதர் தண்டவாளத்தில் தலை வைக்கிறேன் என்று பேசக்கூடியவரா என்றார்கள்.

பேசினார். அதே சாப்பாட்டு மேசையில், ஒரு தடவை அல்ல, பல தடவை.