அம்மனுக்கு ஆகாத தண்ணீர்

எங்கள் டவுன் குழாயைத் திறந்தால் முதலில் காற்று வரும், பிறகு சேறு வரும், அதன் பிறகுதான் பட்டினசபை தண்ணீர் என்று சொல்லும் சாமான் வரும். மேலே மேட்டில் இருக்கும் தண்ணீர்த் தாங்கியில் வடிகட்டும் மணலை எப்போது மாற்றினார்கள் என்று சபையில் ஒருவருக்கும் தெரியாது. வெள்ளைக்காரன் போன பிறகு அந்தத் தாங்கியை எவனும் எட்டிப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நான் தபால் கந்தோரில் கிளாக்கர். பக்கத்து அறையில் தோசை சுட்டு விற்கும் ரெங்கம்மா இருந்தாள். அவள் மகள் பூவாயி, கெட்ட தண்ணீரால் வரும் நெருப்புக்காய்ச்சலில், அதாவது டைபாய்டில், பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்து, எலும்பும் தோலுமாக வீடு வந்திருந்தாள். இன்னொரு முறை வந்தால் பிள்ளை தாங்காது, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடு என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அடைமழையில் ஈர விறகை ஊதி ஊதி ரெங்கம்மாவின் கண் சிவந்ததுதான் மிச்சம். கொதித்தாலும் சேறு சேறுதானே.

தண்ணீரைப் பற்றி முறையிடச் சபைக்கு அவளோடு நானும் போனேன். உறுப்பினர் மாரிசாமி முதலாளி வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்:

"தண்ணிக்கு என்னா கொறச்சல் ரெங்கம்மா? நானும் அதத்தானே குடிக்கிறேன், கல்லாட்டம் இல்லையா? நீ மொதல்ல புள்ளய சுத்தமா வச்சிக்க."

பிள்ளையைச் சாவின் வாயிலிருந்து மீட்டுக்கொண்டு வந்தவளுக்கு இந்த மனுஷன் சுத்தம் படிப்பிக்கிறார்.

அடுத்த வாரம் மாரியம்மன் திருவிழா. கோவில் தர்மகர்த்தாவும் இதே மாரிசாமிதான். திருவிழாக் காலையில் பெண்கள் ஆளுக்கொரு குடம் தண்ணீர் கொண்டுவந்து அம்மனைக் குளிப்பாட்டுவது இங்கே வழக்கம். மஞ்சளும் வேப்பிலையும் போட்டிருப்பார்கள். ரெங்கம்மா ஒன்றும் போடாமல் குழாயில் பிடித்ததை அப்படியே கொண்டுவந்தாள்.

முதலாளி குடத்துக்குள் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்னா இது, டவுன் தண்ணியா? இத அம்மன் மேல ஊத்தலாமா? எல்லாரும் கொடத்த கொட்டுங்க. தேயிலைத் தோட்டத்துல மலை ஊத்து விழற பீலியிலருந்து ரெண்டு பீப்பா நல்ல தண்ணி லொறியில வந்திருக்கு. அதுல மோந்துக்கங்க."

அதாவது, முன்கூட்டியே ஏற்பாடு. அம்மனுக்கு மட்டும்.

ரெங்கம்மா சத்தம் போடவில்லை. "சரிங்க முதலாளி. அம்மனுக்கு ஆகாதுன்னா கொட்டிர்றேன்," என்று கோவில் வாசலிலேயே குடத்தைக் கவிழ்த்தாள். செம்மண் கரைசல் முதலாளியின் வேட்டி ஓரம் வரை ஓடியது. பிறகு பீப்பாவில் குடத்தை முக்கி நிறைத்து, இடுப்பில் வைத்து, வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"ஏய், எங்க போற? அது சாமித் தண்ணி."

"சாமிக்குக் காய்ச்சல் வராதுங்க. எம்புள்ளைக்கு வரும்."

பின்னால் நின்ற பெண்களும் குடத்தைக் கவிழ்த்தார்கள், நிறைத்தார்கள், அவள் போன வழியே போனார்கள். முதலாளி மறிக்கப் பார்த்தார். நான் குறுக்கே போய் நின்றேன். அரசாங்க உத்தியோகத்தன் என்று எனக்கிருந்த கொஞ்ச மரியாதை அன்றைக்குத்தான் உதவியது.

இரண்டு பீப்பாவும் காலியாகிவிட்டன. மேளக்காரர்கள் அடிப்பதா நிறுத்துவதா என்று விழித்தார்கள். அம்மன் குளிக்காமல் இருந்தாள். பூசாரி முதலாளியின் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார்:

"நேரமாகுதுங்க. கொழாய்லயே புடிச்சிறட்டுங்களா?"