துடைத்த மூலை

ஆய்வாளர் விடுதிக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலையிலேயே அவள் உலகத்தின் ஒரு மூலையைத் துடைத்துவிட்டாள்.

வேண்டுமென்று செய்யவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் கைதவறி, காபி சுவரில் தெறித்தது. பதறிப்போய் ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தாள். கறையோடு, ஈ எச்சம் மாதிரி இருந்த பென்சில் புள்ளிகளும் சேர்ந்து போயின. அப்பாடா என்று நிமிர்ந்தால், விடுதிப் பொறுப்பாளர் அம்மா வாயில் கைவைத்து நிற்கிறார்.

"அய்யோ, அதெல்லாம் வீடும்மா!"

நாடுகளுக்கிடையேயான உறவுகளை ஆராய்கிறவர்கள் பல தேசங்களிலிருந்து வந்து, ஆறு மாதம் தங்கி எழுதும் இடம் அது. ஒவ்வொருவர் ஊரும் அந்தச் சுவரில் ஒரு புள்ளி. எல்லைக்கோடு கிடையாது. தன் புள்ளியைத் தானே வைக்கவும் கூடாது. வீட்டுக்கு வழி சொல்ல வேண்டும், கிட்டத்து ஊர்க்காரர் கேட்டு வைப்பார்.

அவளுக்கு உயிரே போய்விட்டது. நடையாய் நடந்து வாங்கிய இடம். பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை; அதற்குள் திருப்பி அனுப்பிவிட்டால்? தங்கையை அழைத்து அழுதாள்.

"அங்க போயும் துடைக்கிற புத்தி போகலையாக்கா? அனுப்பினா வந்துடு. இங்க துடைக்க நிறைய கிடக்கு."

மதியம் பயந்துகொண்டே கீழே இறங்கினாள். கூடத்தில் ஒரே பேச்சுச் சத்தம். பொறுப்பாளர் அம்மா பழைய ஆய்வாளர்களைப் போனில் பிடித்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் ஒருவர் பின்னால் குழந்தை அழுதது. இன்னொருவர் ஊரில் மழை கொட்டியது.

"துடைச்சுட்டாங்களா? நல்லா பளிச்சுனு ஆச்சா?" என்று ஒரு குரல் சிரித்தது. "அவர் வீடா? என் புள்ளிக்கு இடப்பக்கம் ஒரு விரல் தள்ளி. பாலம் தாண்டினதும்."

எவர் வீட்டையோ எவரோ பத்திரமாக நினைவில் வைத்திருந்தார். சொல்லச் சொல்லச் சுவரில் ஊர்கள் திரும்பி வந்தன. அவள் வாயடைத்து நின்றாள்.

ஒரு புள்ளி மட்டும் மிஞ்சியது. அதை வைத்தவர் இப்போது உயிரோடு இல்லை. புள்ளிக்குரியவர் அங்கேயே நின்றார்: இரண்டாம் தடவையாக வந்து தங்கியிருக்கும், அவளுடைய பக்கத்து நாட்டுக்காரர்.

"கிட்டத்து ஊர் நீதாம்மா" என்று பொறுப்பாளர் பென்சிலை அவள் கையில் திணித்தார்.

அந்த இரு நாட்டு எல்லைச் சண்டையைப் பற்றி எழுதத்தான் அவள் வந்திருந்தாள்.

"ஸ்டேஷன்ல இறங்கி நேரா வாங்க. தையல்கடைல திரும்பினா பெரிய தண்ணித்தொட்டி. அதுக்கு அடியிலதான் வீடு. நாய் குரைக்கும், பயப்படாதீங்க."

அந்தத் தொட்டி அவளுக்குத் தெரியும். அவள் நாட்டுப் பீரங்கிகள் குறிபார்த்த அடையாளம். அவளுடைய வரைபடத்தில் அதற்கு ஓர் எண்கூட உண்டு. அதன் அடியில் ஒரு வீடு இருக்கும் என்று இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

"தொட்டி... இப்பவும் இருக்கா?"

"புதுசா கட்டிட்டாங்க. எங்க வீடும் புதுசுதான்."

மூச்சைப் பிடித்துக்கொண்டு புள்ளியை வைத்தாள். அவர் பென்சிலை வாங்கிக்கொண்டார்.

"இப்ப உங்க வீட்டுக்கு வழி சொல்லுங்கம்மா."

ஆற்றங்கரைச் சாலையிலிருந்து ஆரம்பித்தாள். கூடவே நடந்து வருகிறவர் போல அவர் ஒவ்வொரு திருப்பத்துக்கும் தலையாட்டினார். வாசலுக்கு வந்ததும், புள்ளி வைத்தார்.